நம் போன் கால் பட்டியலை யார் பார்க்கிறார்கள்?
2008 நவம்பரில், ஒபாமா அதிபர் தேர்தலில் வென்ற அதே மாதம், அவருடைய பழைய செல்போன் கணக்கை வெரைசான் என்ற அமெரிக்க செல்போன் நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் அனுமதியில்லாமல் திறந்து பார்த்தது தெரியவந்தது. நிறுவனமே அதை வெளியில் சொல்லி மன்னிப்புக் கேட்டது. பெரிய பெயர், அதனால் செய்தியானது. சாதாரண ஆளின் கணக்கைத் திறந்தால் யார் சொல்லப்போகிறார்கள்?

"பேச்சைக் கேட்கவில்லையே" என்பார்கள். எனக்கு அது சமாதானமே இல்லை. யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் பேசினோம் என்று கணக்கில் இருக்கும் கால் பட்டியலே போதும். விவாகரத்து வக்கீல், புற்றுநோய் மருத்துவர், நள்ளிரவில் திரும்பத் திரும்ப ஒரே எண். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி ஒளிந்திருக்கும் பெண்ணுக்கு இந்தப் பட்டியல் உயிர்ப் பிரச்சினை.

வேடிக்கை பார்ப்பதோடும் இது நிற்பதில்லை. ஏடி அண்ட் டி என்ற இன்னொரு அமெரிக்க போன் நிறுவனத்தின் மெக்சிகோ கால் சென்டரில் வாடிக்கையாளர் விவரங்களை எடுத்து வெளியாட்களுக்கு விற்றார்கள். கொலம்பியா, பிலிப்பைன்ஸ் மையங்களிலும் அத்துமீறல். 2015ல் கட்டிய அபராதம் 2.5 கோடி டாலர்.

அபராதம் சரி, ஆனால் அது எல்லாம் முடிந்த பிறகு வருவது. நம் கணக்கை ஊழியர் யாராவது திறந்தால் அந்த நிமிடமே நமக்கு எஸ்எம்எஸ் வரவேண்டும். வங்கியில் பணம் எடுத்தால் வருகிறதே, இதற்கு மட்டும் ஏன் முடியாது?