யார் யார் கையெழுத்து?

பாளையங்கோட்டையில் பத்திரம் எழுத உட்கார்ந்து 23 வருடம் ஆகிறது. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்குள் யாராவது பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் மஞ்சள் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பத்திரங்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணாச்சி, மொத்தம் செலவு எவ்வளவு ஆவும்?"

இதற்குப் பதில் சொல்வது சுலபம். கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 ஜூனிலிருந்து பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரலில் அது குறைந்தது, கூடவே அரசு வைக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பு (கைடுலைன்) ஏறிவிட்டது. 30 லட்ச ரூபாய் வீடு என்றால் 2,70,000 அரசுக்குப் போகும். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை.

கணக்கைக் கேட்டதும் அடுத்த பேச்சு வரும். "கைடுலைன் மதிப்புக்கே போட்டுருங்க, மீதியைக் கையில கொடுத்துக்கிடுதோம்." நான் சம்மதிப்பதில்லை. வீட்டுக் கிரையத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி தப்பு. அது ஒரு பக்கம். நாளைக்கு அந்தச் சொத்தில் ஒரு தகராறு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், பத்திரத்தில் எழுதிய தொகைக்குத்தான் கையில் ஆதாரம் இருக்கும். ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் பாதிக்குச் சாட்சியே இல்லாமல் ஒருவர் வீடு வாங்குவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

செலவுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்பது வில்லங்கச் சான்று, அதாவது ஈசி பற்றி. இப்போது பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம், அதனால் பலரும் பார்த்துவிட்டே வருகிறார்கள். "ஈசி சுத்தமா இருக்கு அண்ணாச்சி, பயமில்லைல்லா?" என்பார்கள். ஈசி பொய் சொல்லாது. ஆனால் அதற்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லும். அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான பத்திரங்கள் அதில் வரும். பதியாத உயில் வராது, உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் வராது. முக்கியமாக, வீட்டுக்காரர் இறந்துபோனால் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது ஈசியில் வராது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த சில வருடங்களில் பெருமாள்புரம் பக்கம் ஒரு வீட்டுக்குக் கிரையம் எழுதினேன். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு. தாயும் தகப்பனும் காலமாகிவிட்டார்கள், உயில் கிடையாது. இரண்டு மகன்கள் விற்றார்கள். வாரிசுச் சான்றிலும் இரண்டே பெயர். வாங்கியவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிராஜுவிட்டி பணத்தோடு மனைவியின் நகையையும் விற்றுப் போட்டிருந்தார்.

மகன்கள் கொடுத்த தாள்களுக்கு நடுவே தகப்பனாரின் பழைய ரேஷன் கார்டு நகல் ஒன்று இருந்தது. அதில் மூன்றாவதாக ஒரு பெயர் மேல் பேனாவால் கோடு போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை நீக்குவது வழக்கம்தானே என்று தாளைத் திருப்பிவிட்டேன். "இது யாரு, உங்க கூடப் பிறந்த பிள்ளையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டாருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு கோவில்பட்டிக்குப் போன மகள் அது. ஒன்றரை வருடம் கழித்துப் பாகப் பிரிவினை வழக்கு வந்தது. சட்டப்படி அவருக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு, அதில் பேசுவதற்கே ஒன்றும் இல்லை. கடைசியில் டிரைவர் அண்ணாச்சி கடன் வாங்கி அந்தப் பங்குக்கு இரண்டாவது முறை பணம் கொடுத்தார். அந்த மகளும் தன் பங்கை அவர் பெயருக்குக் கிரையமாகவே எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தையும் நான்தான் எழுதினேன், கூலி வாங்கவில்லை. அண்ணாச்சி என்னைத் திட்டக்கூட இல்லை. "பதிவு பண்ணிக் கொடுத்தாங்களே, அப்புறம் எப்படித் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

பலரும் நம்பியிருப்பது இதைத்தான். பதிவாகிவிட்டால் சர்க்காரே உத்தரவாதம் கொடுத்த மாதிரி என்று. பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தார் என்பதற்கான அத்தாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு முழுப் பாத்தியம் இருந்ததா என்பதை வாங்குகிறவர்தான் தேடிப் பார்க்க வேண்டும். பட்டாவும் அப்படித்தான், அது வருவாய்த்துறைக் கணக்கு. 1980-களில் பட்டாக் கணக்கைப் புதுப்பிக்க யு.டி.ஆர். சர்வே நடந்தபோது அண்ணன் தம்பி நான்கு பேரில் மூத்தவர் பெயரை மட்டும் ஏற்றிவிட்டுப் போன பட்டாக்கள் இன்றைக்கும் என் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. மூத்தவர் பெயரில் பட்டா இருப்பதாலேயே மற்ற மூவரும் போய்விட மாட்டார்கள்.

அதனால் இப்போதெல்லாம் செலவைச் சொல்லுமுன் வாரிசு மரம் ஒன்று போடச் சொல்கிறேன். தாத்தா, அவருக்குப் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். ஒரு வெள்ளைத் தாள் போதும். மகள்கள் பெயர் வரும்போது பல ஆண்களுக்குப் பேனா நின்றுவிடுகிறது. "அவளுக்குத்தான் அறுபது பவுன் போட்டாச்சே" என்பார்கள். பவுன் வேறு, பங்கு வேறு. தகப்பன் சம்பாதித்த சொத்தில், உயில் இல்லாமல் அவர் இறந்தால், 1956-ஆம் வருடச் சட்டத்திலேயே மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய், எல்லாருக்கும் சம பங்கு. குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை மகள் பிரித்துக் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். 2005-ல் அதையும் எடுத்தாயிற்று. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அப்போது அந்தச் சட்டம் அமலான தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்றார்கள். 2005-ல் மத்தியச் சட்டம் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. அப்போது தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற இழுபறியை 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது, இருந்திருக்க வேண்டியதில்லை என்று.

இது இந்துக் குடும்பங்களுக்கு. எங்கள் ஊரில் இது மட்டும் போதாது. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் வருடச் சட்டம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மகன் மகள் பேதமில்லாமல் பிள்ளைகளுக்கு. மேலப்பாளையத்திலிருந்து முஸ்லிம் குடும்பம் வந்தால் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. எந்த மதமானாலும் மகள் இல்லாத கணக்கு கிடையாது.

விட்டுக் கொடுக்க விரும்பும் பெண்கள் உண்டு. "பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போயிரும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். விடுதலைப் பத்திரம் எழுதுகிறேன். ஆனால் எதை விடுகிறார்கள், இன்றைய விலைக்கு அது எவ்வளவு பெறும் என்பதை அண்ணன் தம்பிகளை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுச் சொல்லிவிடுவேன். இதனால் சில பார்ட்டிகள் அடுத்த கடைக்குப் போனதும் உண்டு. போகட்டும்.

அப்புறம், பத்திரத்தை வாசித்துக் காட்டுவது. 'வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு' என்று அந்தக் காலத்திலிருந்து எழுதி வருகிறோம். உண்மையில் வாசிப்பது குறைந்துபோய்விட்டது. டோக்கன் நேரம் நெருங்குகிறது, இந்தப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, அந்தப் பக்கத்தில் ஒன்று என்று முடிந்துவிடுகிறது. பெருமாள்புரம் வீட்டுக்குப் பிறகு நான் வாசிக்காமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை.

போன ஐப்பசியில் திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு வீடு. தென்வடல் நீண்டு கீழ்மேல் குறுகிய பழைய வளவு வீடு, இரண்டு பக்கமும் பொதுச்சுவர். மூலப் பத்திரம் கொல்லம் 1095-ல் எழுதியது, அதாவது 1919 – 20. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும், 825 கூட்டிக்கொள்ள வேண்டும், ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை என்றால் 824. அளவெல்லாம் தச்சு முழத்தில். ஓரம் செல்லரித்து, சில வரிகளுக்கு வால் இல்லை. நடுவில் 1987-ல் ஒரு பாகப் பத்திரம். அதில் 'கிணறு உட்பட' என்று இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தேன்.

எழுதிக் கொடுக்கிறவர்கள் ஆறு பேர்: எண்பது தாண்டிய ஆச்சி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். சொத்து விவரத்தை மெதுவாக வாசித்தேன். ஆச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிணற்று வரி வந்ததும் கையைத் தூக்கினார்.

"ஐயா, நிறுத்து. கிணறு முழுசும் நமக்கா? நடுச்சுவரு கிணத்து மேலதானே ஏறிப் போவுது. ரெண்டு உருளை கிடக்கும். மேக்க உள்ளது நம்மளது, கீழ்க்க உள்ளது அவுகளது. எங்க மாமியா, அவுக வீட்டு மதினி, நானு எல்லாரும் அங்கன நின்னுதான் பேசிக்கிடுவோம்."

மூத்த மகன், "அம்மா, இப்ப யாரு கிணத்துல இறைக்கா, விடும்மா" என்றார். வாங்குகிறவர் அவரை அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பதிவை நிறுத்தினோம். கிழக்கு வீட்டுப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டு வாங்கிப் பார்த்தால், 'கிணற்றில் சரிபாதி பாத்தியம்' என்று தெளிவாக இருந்தது. எங்கள் மூலப் பத்திரத்தில் செல்லரித்துப் போனதும் அந்த வரிதான்.

அடுத்த வாரம் ஆறு பேரும் மறுபடி வந்தார்கள். திருத்திய பக்கத்தை ஆச்சிக்கு மட்டும் இரண்டாம் முறை வாசித்தேன். "கிணற்றிலும் நடுச்சுவரிலும் பொதுவில் சரிபாதி பாத்தியம் உட்பட" என்று முடித்ததும், "ஆமா, அதுதான் சரி" என்று சொல்லிவிட்டு இடது கையை நீட்டினார்.