ஜன்னல் வலையும் விடாத பசையும்

வேளச்சேரியில் கொசுவைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மாலையில் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கடி. ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை. ஆகவே வெல்க்ரோ வலை, அதாவது ஒன்றையொன்று கவ்வும் முள் பட்டை, பஞ்சுப் பட்டையால் சட்டத்தில் மாட்டும் கொசு வலை. படுக்கையறைகளில் எனாமல் பெயிண்ட் அடித்த மரச்சட்டம் இரண்டு, கூடத்திலும் சமையலறையிலும் அலுமினியம். மொத்தம் நான்கு ஜன்னல்கள்.

பிப்ரவரி, முதல் ஞாயிறு. முள் பட்டை, பஞ்சுப் பட்டை இரண்டையும் பின்னால் பசை உள்ளதாகவே வாங்கியது முதல் தவறு. தையல் கடைக்காரர் பட்டையைத் தொட்டுப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதைத் தைத்தால் ஊசியில் பசை ஏறும் சார், நூல் அறுந்துகொண்டே இருக்கும்.” சட்டத்தில் ஒட்டும் முள் பட்டைக்குத்தான் பசை வேண்டும். வலையின் ஓரத்தில் தைக்கும் பஞ்சுப் பட்டை வெறும் துணியாக இருக்க வேண்டும். மறுபடியும் கடைக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு. சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் இன்னொரு முறை துடைத்தேன். சமையலறைச் சட்டத்தில் மூன்றாவது துடைப்பிலும் துணி மஞ்சளாகவே வந்தது. தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு அப்படி ஏறியிருந்தது. அதன் மேல் ஒட்டினால் பசை பிடிப்பது பிசுக்கைத்தான், சட்டத்தை அல்ல. பட்டையை இழுத்துப் பிடித்து ஒட்டக் கூடாது. பிறகு சுருங்கி முனையிலிருந்து கிளம்பும். முனைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டினேன், கூர்முனைதான் முதலில் தூக்குகிறது. ஒட்டியவுடன் வலையை மாட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஒரு நாள் முழுக்கப் பொறுத்திருந்தேன். அம்மா மட்டும், “நான்கு ஆணி அடித்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்” என்றார்.

மே, கத்திரி வெயில். மேற்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலில் மேல் பட்டை அரை விரற்கடை இறங்கியிருந்தது. பசை இளகி, பழுப்பாகக் கோடு இழுத்திருந்தது. வலையைக் கழற்றப் பிடித்து இழுத்தபோது முள்ளும் பஞ்சும் ஒன்றை ஒன்று விடவில்லை. ஜோடியாகச் சட்டத்தை விட்டு வந்துவிட்டன. வெல்க்ரோவைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால்தான் விடும். சிறு வயதில் வேட்டியில் ஒட்டிய நாயுருவியை ஒவ்வொன்றாகத்தானே பிடுங்கினோம்? 1941-இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் உரோமத்தில் ஒட்டிய இது போன்றதொரு முள்காயைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். அதன் பிறகு, முள் பட்டையைக் கட்டைவிரலால் சட்டத்தோடு அழுத்திக்கொண்டு, வலையை மூலையிலிருந்து மெதுவாக உரிக்கப் பழகினேன்.

ஆகஸ்ட். பிடி தளர்ந்தது. பசையில் குற்றமில்லை, முள்ளில் தலைமுடியும் பஞ்சும் அடைத்திருந்தன. பல் துலக்கும் பழைய பிரஷ் பாதிதான் எடுத்தது. பேன் சீப்பு மிச்சத்தையும் வாரிவிட்டது. சீப்பின் பற்களில் திரண்டு வந்த சாம்பல் நிறப் பந்தைப் பார்த்து, இவ்வளவும் நம் வீட்டுத் தூசியா என்று வெட்கமாக இருந்தது.

ஜனவரி. வீட்டைக் காலி செய்கிறோம். உண்மையான வேலை இப்போதுதான்.

அலுமினியத்தில் முடி உலர்த்தியைக் காட்டிச் சூடாக்கி, பட்டையை அதன் மேலேயே மடித்து, சட்டத்தோடு ஒட்டியபடி மெதுவாக இழுத்தேன். பெரும்பாலும் சுத்தமாக வந்தது. மிச்சமிருந்த பசையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டேன். விரலால் தேய்த்ததும் அழுக்குருண்டை போலத் திரண்டது. பிறகு சோப்புத் தண்ணீர். இதைவிட எளிதான வேலை இல்லை என்று நினைத்தேன்.

அந்த நினைப்போடு மரச்சட்டத்துக்குப் போனேன். அதே சூடு, அதே இழுப்பு. பட்டையின் பின்னால் எனாமல் செதில் செதிலாக வந்தது. எந்த ஒட்டு பலவீனமோ அதுதான் முதலில் விடும். இங்கே பசை பெயிண்டைப் பிடித்த பிடி, பெயிண்ட் மரத்தைப் பிடித்த பிடியைவிட உறுதியாக இருந்திருக்கிறது. அடுத்த சட்டத்தில் இழுக்கவே இல்லை. ஓரத்தில் எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, பழைய ஏடிஎம் அட்டையைப் பட்டைக்கு அடியில் நுழைத்து, சிறிது சிறிதாகத் தள்ளினேன். ஒரு ஜன்னலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பெயிண்ட் தப்பித்தது.

அவசரத்தில் செய்த முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. சுவிட்ச் பெட்டியின் ஓரத்தில் இருந்த பசையை நகப்பூச்சு நீக்கியால் துடைத்தேன். அதில் இருந்த அசிட்டோன் பசையோடு பிளாஸ்டிக்கின் பளபளப்பையும் கரைத்துவிட்டது. பெருவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. மறைவான மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க எனக்கு நேரமில்லாமல் போயிற்று, பிறகு அதைத் தேய்த்துக்கொண்டிருக்க மட்டும் அரை நாள் இருந்தது.

கடைசியாக, ஏசி ரிமோட்டுக்காகச் சுவரில் ஒட்டிய சிறு துண்டு. டிஸ்டெம்பர் அடித்த சுவர். எவ்வளவு சூடு காட்டியும் டிஸ்டெம்பருக்கு அடியில் பூசிய பட்டியோடு பெயர்ந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி விழுந்தது. பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, டிஸ்டெம்பர் தொட்டு வைத்தேன். நிறம் சேரவில்லை.

நேற்று வீட்டுக்காரர் வந்தார். நான்கு ஜன்னல்களையும் அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகச் சுவரில் நிறம் சேராத அந்தத் திட்டின் முன் போய் நின்றார். ஒரு காலண்டர் மாட்டினால் மறைந்துவிடும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அதற்கு ஆணி அடிக்க வேண்டுமே” என்றார்.