ஒரு தழும்புக்கு எத்தனை கணக்கு?

பக்கத்து வீட்டுப் பெரியவரின் இடது தாடையோரம் எப்போது பார்த்தாலும் கொஞ்சம் நரைமுடி மழிக்காமல் நிற்கும். வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை போல என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து ஸ்கேன் செய்து தரச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அங்கே ஒரு தழும்பு இருக்கிறது, ரேசர் பட்டால் சுரீர் என்கிறதாம், அதனால் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

எண்பதுகளில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வண்டி கவிழ்ந்து தாடை கிழிந்தது, முழங்காலிலும் அடி. முழங்காலுக்கு ராணுவ ஆஸ்பத்திரியிலேயே ஆர்த்ரோஸ்கோப்பி (சின்னத் துளை போட்டு மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் சிகிச்சை) செய்ததில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு தழும்புகள். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அமெரிக்க முன்னாள் வீரர்கள் துறையிடம் தழும்புகளுக்கு இழப்பீடு கேட்டிருக்கிறார். தழும்புகள் பணியில் இருந்தபோது வந்தவைதான், ஒப்புக்கொள்கிறோம், ஆனால் பாதிப்பு 0 சதவீதம் என்று பதில் வந்திருக்கிறது. 0 சதவீதம் என்றால் காகிதத்தில் மரியாதை உண்டு, கையில் காசு கிடையாது. வேறு எதுவும் வாங்காதவருக்கு 10 சதவீதம் என்றால் 2025-ல் மாதம் 175 டாலர் 51 சென்ட்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் வாஷிங்டனில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கான மேல்முறையீட்டு வாரியம் தன் தீர்ப்புகளைப் பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுவில் போட்டுவிடுகிறது, அதை நாலு படித்தேன், அப்புறம் நாற்பது படித்தேன், விட முடியவில்லை. தழும்பு எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது, எந்தச் சண்டையில் வந்தது என்றெல்லாம் உருகி எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். உள்ளே இருப்பது அளவு நாடாவும் எண்ணிக்கையும்தான்.

முகம், தலை, கழுத்தில் உள்ள தழும்புக்குத் துறையின் மதிப்பீட்டு அட்டவணையில் 7800 என்று ஒரு எண். அதில் எட்டு அடையாளங்களைப் பார்க்கிறார்கள். நீளம் 5 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கிறதா, அகலமான இடத்தில் கால் அங்குலமாவது வருகிறதா, தடவினால் மேடு பள்ளம் தெரிகிறதா, அடிச்சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, இப்படிப் போகும். எட்டில் ஒன்று இருந்தால் 10 சதவீதம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் 80 வரைக்கும். மெருகேற்றாத கலர் போட்டோவையும் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பெரியவரின் தழும்பு 3 அங்குலம், நூல் மாதிரி மெல்லிசு, தட்டையாக இருக்கிறது. எட்டில் ஒன்றும் தேறாது.

உடம்பின் மற்ற இடங்களுக்கு வேறு கணக்கு. அடிச்சதை சேதமில்லாமல் மேலாகப் பரவிய தீக்காயத் தழும்புக்கு, பரப்பை வைத்து மட்டும் 10 சதவீதம் வாங்க வேண்டுமானால் 144 சதுர அங்குலம் வேண்டும், அதாவது முழுசாக ஒரு சதுர அடி. ஆனால் முகமோ வேறு இடமோ, வலிக்கிற தழும்பு என்றால் பொட்டு அளவு இருந்தாலும் போதும், அதே 10 சதவீதம். இது 7804. வலிக்கிற தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 10, மூன்று நான்கு என்றால் 20, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் 30. அடிக்கடி தோல் உரிந்துபோகிற தழும்பையும் இதே கணக்கில் சேர்ப்பார்கள், ஒரே தழும்பு வலித்து உரியவும் செய்தால் கூட ஒரு 10.

ஆக எல்லாம் வலியில் வந்து நிற்கிறது. பரிசோதனை அறிக்கையில் பெரியவர் பெயருக்கு நேராக என்ன இருந்தது தெரியுமா? 'வலி இல்லை என்கிறார்.' ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டர் தொட்டுப் பார்த்துக் கேட்டாராம், அந்த நேரத்தில் வலிக்கவில்லையாம், தழும்புக்கெல்லாம் போய் ஒரு ராணுவக்காரன் புலம்புவதா என்று இருந்ததாம். அந்த 10 சதவீதத்தை வீம்பு சாப்பிட்டுவிட்டது.

முடிவு வந்த ஒரு வருடத்துக்குள் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கலாம். 2017-ல் சட்டம் போட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. புதுச் சான்று வைத்துத் துணை விண்ணப்பம் போடலாம், மூத்த அதிகாரி ஒருவரைப் பழைய கோப்பையே மறுபடி பார்க்கச் சொல்லலாம், இல்லாவிட்டால் வாரியத்துக்கே போகலாம். மூத்த அதிகாரி வழி இவருக்கு வீண், புதுக் காகிதம் எதையும் அங்கே வாங்க மாட்டார்கள், பழைய கோப்பிலோ 'வலி இல்லை' என்று உட்கார்ந்திருக்கிறது. துணை விண்ணப்பமே போதும், சீக்கிரம் முடியும் என்பது என் கட்சி. அவருக்கு ஒரு நீதிபதி படிக்க வேண்டுமாம். சரி, வாரியத்திலும் சான்று சேர்க்கும் வரிசை இருக்கிறது, மனு போட்டு 90 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சான்று என்றால் பெரிய டாக்டர் கடிதம்தான் என்றில்லை. தன் உடம்பில் தான் உணர்வதைச் சொல்ல ஒருவருக்குத் தகுதி உண்டு என்று 1994-ல் லேனோ வழக்கில், வாரியத்துக்கு மேலே உள்ள முன்னாள் வீரர்களுக்கான நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்புவதா வேண்டாமா என்பது வாரியத்தின் கையில், அதனால் முன்பு ஏன் 'இல்லை' என்றார் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். இரண்டு பக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக நின்றால் தீர்ப்பு வீரர் பக்கம். 1990-ல் கில்பர்ட் வழக்கில் இதற்குத் தெருவோர பேஸ்பால் விதியை உவமை காட்டியிருக்கிறார்கள். நாம் கிரிக்கெட்டில் சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு என்போமே, அதேதான்.

படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது எஸ்டபான் வழக்கு, அதுவும் 1994. கார் விபத்தில் முகத்தில் அடிபட்டவர். முகம் கெட்டதற்கு ஒரு 10, தழும்பு வலிப்பதற்கு ஒரு 10, மெல்லுகிற தசை பாதித்ததற்கு ஒரு 10 என்று தனித்தனியாகக் கொடுக்கலாம் என்றது நீதிமன்றம். ஒரே தொந்தரவுக்கு இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்ற விதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இவை மூன்றும் வேறு வேறு தொந்தரவுகள், விபத்துதான் ஒன்று. (மூன்று 10-ஐக் கூட்டினால் இவர்கள் கணக்கில் 27 வரும், அதை 30 ஆக்குவார்கள். அது ஏன் என்று ஆரம்பித்தால் இன்னொரு பதிவு வேண்டும்.)

இதைப் படித்த உற்சாகத்தில் பெரியவரின் முழங்காலுக்கு வந்தேன். அந்த இரண்டும் வலித்தால் தாடையோடு சேர்த்து மூன்று தழும்பு, 20 சதவீதம். ஆனால் வலிப்பது தழும்பாக இருக்க வேண்டும், மூட்டு வலிக்கு ஏற்கெனவே தனியாக வாங்குகிறார். என்னங்க, முட்டி போடும்போது தழும்பு வலிக்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்று கேட்டேன். பேன்ட்டை மேலே சுருட்டி, கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "மூட்டுதான்" என்றார்.

ஆக ஒன்றுதான். ரேசர் விஷயத்தை அவர் கையாலேயே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார், மழிக்கும்போது அவர் முகம் சுளிப்பதைத் தினமும் பார்ப்பதாக மனைவி தனியாக ஒரு கடிதம். ஒரு கலர் போட்டோவும் வைத்துவிடுவோம் என்றேன். அதற்கு அந்த இடத்தை மழித்தாக வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, இன்னும் நாள் சொல்லவில்லை.