ஆண்டாள் கையில் இல்லாத கிளி

முதலாண்டு உயிரியல் வகுப்பில் ஒரு நாள் திரையில் பட்டியல் ஒன்று வந்தது. மொரீஷியஸ் தீவின் காட்டைக் கெடுக்கும் வந்தேறி உயிரினங்கள் என்று தலைப்பு. எலி, பன்றி, கீரி, குரங்கு என்று படங்கள் வரிசையாக நகர்ந்தன. நானும் எழுதிக்கொண்டே வந்தேன். அப்புறம் மைனா வந்தது. அதற்கடுத்துக் கொண்டைக்குருவி, காகம், ஓணான், மூஞ்சூறு. கடைசியாகச் சிவந்த மூக்கும் கழுத்தில் ஆரமுமாக நம் பச்சைக்கிளி.

எழுத ஓடவில்லை. எங்கள் வீட்டுக் குடும்பப் படத்தைக் காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த மொரீஷியஸ் தமிழ்ப் பையன் சாதாரணமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அவன் பெயரில் வீரப்பன் இருக்கிறது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுப்பவன். ஆனால் அந்தக் கிளி அவனுக்கு ஒன்றுமில்லை. தேர்வில் வரக்கூடிய ஒரு பெயர், அவ்வளவுதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் ஊரில் ஆண்டாளின் இடது தோளோரம் தினமும் ஒரு கிளி இருக்கும். இலைகளைக் கொண்டு அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டுவார்கள். மூக்குக்கு மாதுளம்பூ வைப்பார்கள். சின்ன வயதில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும்போது எனக்குத் தாயாரின் முகத்துக்கு முன்னால் அந்தச் சிவந்த மூக்குதான் கண்ணில் படும். அப்படிப்பட்ட கிளியை எலிக்கும் பன்றிக்கும் பக்கத்தில் நிறுத்திவிட்டார்களே என்று அன்று முழுவதும் எனக்கு ஆறவில்லை.

கணவரின் வேலைக்காக வந்த இடம் இந்த மொரீஷியஸ். சும்மா இருக்க வேண்டாமே என்று விட்ட படிப்பைத் தொட்டேன். இங்கே குடியேறுவது ஒரு விதத்தில் சுலபம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. காத்ர் போர்ன் பக்கம் கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. விசேஷ வீட்டில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள். தெருவில் கடலைப்பருப்பு வைத்த தால் பூரி சுடச்சுடக் கிடைக்கும். எல்லாம் பழகிவிட்டது என்று அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அமாவாசை வந்துவிடும். சோறு வைத்துவிட்டு மாடியில் நின்றால் காகம் வராது. போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டித்தான் காகம் என்கிறார்கள், எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. மைனாவும் கொண்டைக்குருவியும் வந்து தின்றுவிட்டுப் போகும். மதில்மேல் சோற்றை வைத்துவிட்டு அப்பா "கா கா" என்று கூப்பிடும் குரல் எனக்குள் கேட்கும். அந்தக் குரலுக்கு எங்கள் தெருக் காகங்கள் முழுவதும் வந்து உட்காரும். தாத்தா வந்துவிட்டார், இனிச் சாப்பிடலாம் என்பார் அப்பா. இங்கே நான் வைத்த சோற்றைத் தின்பது யார் என்று தெரியாமலே உள்ளே வந்து இலை போடுகிறேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். முதலாண்டில் மூன்று பகுதிகள்: உயிரிகளின் உடலமைப்பு, பரிணாமம், சூழலியல். மற்ற ஊர்களில் இதையெல்லாம் புத்தகப் படத்தை வைத்து நடத்த வேண்டும். இங்கே பேருந்தில் ஏறினால் போதும். எரிமலை எழுந்து உண்டான தீவு இது, வயது சுமார் 80 லட்சம் ஆண்டு. எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. அதனால் இங்கிருந்த உயிர்கள் எல்லாம் பறந்தோ மிதந்தோ காற்றில் அடித்தோ வந்தவற்றின் வாரிசுகள். தரையில் நடக்கும் பாலூட்டி ஒன்றுகூட இயற்கையாக வந்து சேரவில்லை. வௌவால்கள் மட்டும் வந்தன. துரத்தும் விலங்கு இல்லாததால் புறா இனத்தில் ஒன்று பெருத்துப் பறக்க மறந்தது, அதுதான் டோடோ. இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. டச்சுக்காரர்கள் 1598-இல் வந்தார்கள். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இல்லை. அதைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. எனக்குக் கிளிதான் முக்கியம்.

அந்தப் பட்டியல் வந்த வாரத்திலேயே ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். என் ஊர்ப் பறவைகள் என்ன கெடுதல் செய்தன என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் கோபப்படாமல் உட்காரவைத்துச் சொன்னார். மைனாவைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டுக்கிளியைத் தின்னட்டும் என்று மனிதர்களே கொண்டுவந்தார்கள். கொண்டைக்குருவி 1892-இல் வந்தது, இங்குள்ளவர்களின் பேச்சுமொழியான கிரியோலில் அதைக் கோன்தே என்கிறார்கள். பழம் தின்னும் பறவை, நம் தோட்டத்தில் தின்ற மாதிரியே இங்கும் தின்கிறது. ஆனால் இலங்கைப் பக்கத்திலிருந்து வந்த பிரிவெட் செடியின் பழத்தை அது தின்று காடெங்கும் விதைக்கிறது. அந்தச் செடி அடர்ந்தால் உள்ளூர் மரத்தின் கன்றுக்கு வெயில் கிடைக்காது. தீவில் மிஞ்சியிருக்கும் நல்ல இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அந்த இரண்டைக் காப்பாற்ற ஆட்கள் கையாலேயே களை பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் கிளியைப் பற்றிச் சொன்னார். அன்றிலிருந்து என் படிப்பே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இந்தத் தீவுக்கென்று சொந்தமாக ஒரு கிளி உண்டு. பெயர் எக்கோ. உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் மரபணுவைப் பார்த்தவர்கள் அதை நம் பச்சைக்கிளியின் கிளைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய காலத்தில் எப்போதோ, மனிதன் கண்ணில் படாமல், அந்த வம்சத்தில் சில கிளிகள் கடலுக்கு மேல் வந்து விழுந்திருக்கின்றன. வந்தவை இங்கேயே தங்கின. இந்தக் காட்டின் இலையும் பழமும் தின்று, இந்த மரங்களின் பொந்துகளில் குஞ்சு பொரித்து, தலைமுறை தலைமுறையாக மாறின. உடல் தடித்தது, பச்சை கரும்பச்சையாக ஆயிற்று, வால் குட்டையாயிற்று. குரலும் கனத்தது. பெட்டையின் மூக்கு கறுப்பு.

அதே வம்சத்துச் சொந்தக்காரர்கள், அதாவது நம் பச்சைக்கிளிகள், 1880-களில் கூண்டில் வந்தார்கள். கூண்டிலிருந்து தப்பியவை பெருகின. இப்போது இரண்டு கிளிகளும் ஒரே தீவில். பொந்துக்கு இரண்டும் சண்டை. பொந்துள்ள கிழட்டு மரங்களோ மிகக் குறைவு. போதாக்குறைக்கு, அலகையும் சிறகையும் சிதைக்கும் வைரஸ் நோய் ஒன்றும் எக்கோவைத் தாக்கியிருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்குள் எழுந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பரிணாமம் என்றால் இதுவரை எனக்கு டார்வினும் காலபாகோஸ் தீவுகளும்தான். (அந்த டார்வின் 1836-இல் பீகிள் கப்பலில் இங்கேயும் வந்து லே பூஸ் மலை ஏறியிருக்கிறார், சாலை போட்டுக்கொண்டிருந்த இந்தியக் கைதிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்.) இங்கே அது என் ஊர்ச் சோளக்கொல்லையிலிருந்து கிளம்பிய மாதிரி நிற்கிறது. ஒரே வம்சம், இரண்டு பயணம். ஒன்று தானாக வந்தது, அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. இன்னொன்றுக்கு நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. தேர்வில் தனிமைப்படலும் இனத் தோற்றமும் என்று கேள்வி வந்தபோது வேறு எந்த உதாரணத்தையும் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

1980-களில் எக்கோ மொத்தமே பத்துப் பறவை அளவில்தான் இருந்தது. அப்போது மொரீஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் போன்றவர்களும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கூட்டைக் காவல் காத்தார்கள், எலியை ஒழித்தார்கள், பெட்டிக் கூடு மாட்டினார்கள், தீனி வைத்தார்கள், பலவீனமான குஞ்சுகளை எடுத்துக் கையில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இன்று 700-க்கும் மேல் பறக்கின்றன. பத்திலிருந்து எழுநூறு! சூழலியல் பாடத்தில் பெரும்பாலும் அழிந்ததைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். ஈரமும் மூடுபனியுமாக, நம் குற்றாலத்து மேல்மலை போல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. புயல் அடிக்கும் தீவு. ஒரு பெரிய மரத்தடியில் ஆசிரியர் நிறுத்தினார். தாம்பலாகோக். டோடோ தின்று கழித்தால்தான் இதன் கொட்டை முளைக்கும், டோடோ போனதால் மரமும் போய்க்கொண்டிருக்கிறது என்று 1977-இல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் எழுதினாராம். கேட்க அருமையான கதை. பிறகு தேடிப் பார்த்தவர்கள் டோடோ போன பிறகு முளைத்த மரங்களும் இருப்பதைக் கண்டார்கள், கொட்டை பறவை வயிற்றுக்குள் போகாமலே முளைப்பதையும் கண்டார்கள். அந்த மரத்தடியிலேயே அரை நாள் விவாதம். எதைச் சொன்னால் ஒரு கருத்து விழும், எதைப் பார்த்தால் நிற்கும் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

அந்த மரத்தின் குடும்பத்தைச் சொன்னபோது எனக்கு வேறு ஒன்று ஓடியது. சப்போட்டாவும் இலுப்பையும் மகிழமும் அதே குடும்பம். இலையைக் கிள்ளினால் பால் வருகிறது. எங்கள் பாட்டி வீட்டு வாசலில் மகிழமரம் இருந்தது. விடியலில் உதிர்ந்த பூவைப் பொறுக்கி நாரில் கோத்து, காய்ந்த பிறகும் துணிப்பெட்டியில் போட்டுவைப்பாள். ஆசிரியர் அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். நான் பின்னால் ஓடிப் பிடித்தேன்.

எக்கோவை அன்று பார்த்தேன். சத்தம் முதலில் வந்தது, நம் கிளியின் கீச்சை விடத் தாழ்ந்த குரல். பிறகு மரக்கிளையில் ஒரு பெட்டை. கறுத்த மூக்கு. எல்லாம் கிளிதான், அந்த மூக்கு மட்டும் கிளியில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது என்னைப் பொருட்படுத்தாமல் இலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரப் பாட்டியிடம் வந்து சொன்னேன். பாட்டியின் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள். அவரிடம் இருக்கும் தமிழ் கோயில் பாட்டும் கொஞ்சம் வீட்டுப் பேச்சும்தான், மீதியெல்லாம் கிரியோல். என்னை மகளே என்பார்.

"கறுப்பு மூக்கு இருந்துதா மகளே? அது எங்க கிளி" என்றார். 

"சிவப்பு மூக்குக் கிளியும் இருக்கு பாட்டி. அது எங்க ஊர்க் கிளி."

"அதுவா? என் அப்பா சோளம் போட்டா மிச்சம் வைக்காது. லொங்கான் பழம் பழுக்க விடாது. அது உங்க ஊருலேர்ந்தா வந்துது?" என்று கேட்டுவிட்டு, நானே கொண்டுவந்து விட்ட மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. மாதுளம்பூ மூக்கைப் பற்றிச் சொன்னேன், ஆண்டாளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆண்டாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். கிளி விஷயத்தில் இறங்கி வரவில்லை.

இந்தப் பருவத்தில் கூட்டுப் பெட்டிகளைக் கவனிக்க மாணவர்கள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது பெயர் கொடுத்தேன். எந்தப் பொந்தில் எந்தக் கிளி உட்காருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று குறிக்க வேண்டும். பச்சைக்கிளி நுழைந்தால் உடனே சொல்லவும் வேண்டும். அந்த ஒரு வரிக்காகக் கொஞ்சம் தயங்கினேன். ஆனால் நம் கிளி எண்ணிலடங்காமல் இருக்கிறது, எங்கள் ஊர்த் தந்திக்கம்பியில் மாலையில் பார்த்தாலே தெரியும். எக்கோவுக்கு இந்த ஒரு காடுதான். நான் எழுதித்தான் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"கிளியைக் காட்டிக்கொடுக்கிற வேலைக்கா கடல் தாண்டிப் போனே?"

"காட்டிக்கொடுக்கலம்மா. கணக்கு எடுக்கிறோம். அந்தப் பொந்து இல்லாட்டி இந்தக் கிளி குஞ்சு பொரிக்காது."

அம்மா யோசித்தாள். "சரி, சொல்லிடு. நம்ம கிளி கெட்டிக்காரி, வேற பொந்து பார்த்துக்குவா."

பின்னாலிருந்து வீட்டுக்காரப் பாட்டி போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, "அம்மா, உங்க கிளி எங்க பழம் எல்லாம் தின்னுது" என்று ஆரம்பித்தார். அம்மா விடவில்லை, மரத்துக்கு வலை கட்டச் சொன்னாள், லொங்கான் என்றால் என்ன பழம் என்று கேட்டாள், புளிக்குமா இனிக்குமா என்றாள். பாட்டிக்குப் பாதி புரியவில்லை. இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள்.