உப்புமாவும் ஒரு லட்சம் டாலரும்

வீட்டில் சமைக்கிறவர்கள் டிவி போட்டிக்குப் போய்த் தோற்றால் ஊர் சீக்கிரம் மறந்துவிடும். ஓட்டலில் பேர் எடுத்து, கீழே நாலு பேரை வேலை வாங்குகிற ஒருவர் போய்த் தோற்றால் அப்படி விடுமா? மறுநாள் அதே அடுப்படியில், அதே பையன்களிடம், "உப்பு பாத்தியாடே?" என்று அதட்ட வேண்டுமே.

பாளையங்கோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் எனக்கும் இதே தொழில்தான். அதனாலோ என்னவோ, 2021-இல் தமிழில் வந்த மாஸ்டர்செஃப்பை விட, அமெரிக்காவில் 2009 முதல் 2013 வரை வந்த 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்'தான் எனக்கு ஒட்டியது. ஏற்கெனவே பேர் வாங்கிய சமையல்காரர்களை மட்டும் கூப்பிட்டு மோத விடுவார்கள். ஜெயித்தாலும் பரிசுப் பணம் அவர்கள் கைக்கு வராது. அவர்கள் சொல்கிற அறப்பணிக்குப் போய்விடும். ஆக, போனால் பேர் மட்டும்தான் போகும். அதைத் துணிந்து பணயம் வைக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே பார்க்கலாம்.

2011-இல் மூன்றாவது சீசனை ஜெயித்தவர் பம்பாயில் பிறந்த ஃபிளாய்ட் கார்டோஸ். நியூயார்க்கில் 'தப்லா' ஓட்டலின் சமையல் தலைவராக இருந்தவர். 2020 மார்ச்சில் கொரோனாவில் இறந்துபோனார். அவர் இறுதிச் சுற்றில் வைத்தவற்றில் ஒன்று உப்புமா. காட்டுக் காளான், தேங்காய்ப்பால், நம்ம குடம்புளிக்கு உறவான கோக்கம் எல்லாம் சேர்த்தது, ஆனாலும் உப்புமாதான். 1,00,000 டாலர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனது.

மதியப் பந்தி ஓய்ந்த நேரத்தில் எங்கள் சரக்கு மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "ரவைக்கா இம்புட்டுத் துட்டு? நம்ம வீட்டுல கிண்டுனா மூஞ்சத் தூக்குதானுவ" என்று சிரித்தார்.

சிரிப்பு சரி. ஆனால் எனக்கு அது சாதாரண காரியமாகத் தெரியவில்லை. புதிதாகக் கரண்டி பிடித்தவனிடம் ஒரு விசேஷத்தை ஒப்படைத்துப் பாருங்கள், முந்திரி, நெய், பன்னீர் என்று கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போகும். வேண்டாம் என்று ஒதுக்குவதற்குத்தான் அனுபவம் வேண்டும். அதிலும் உப்புமாவில் ஒளிய இடமே கிடையாது. ரவை வறுத்த பதமும் தண்ணீர்க் கணக்கும் தப்பினால் எந்தக் காளானும் காப்பாற்றாது.

அப்புறம் பேச்சு, நாம் போனால் என்ன வைப்பது என்று திரும்பியது. அல்வா என்றான் ஒரு பையன். கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் எடுத்துக் கிண்டி முடிப்பதற்குள் டிவிக்காரன் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவான். சொதி வைக்கலாம் என்றேன் நான். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது திருநெல்வேலி வழக்கம். பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சி, பச்சைமிளகாய், தேங்காய்ப்பால், கடைசியில் எலுமிச்சை. இவ்வளவுதான் சரக்கு. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடும்போதே இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழிவதும் இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ்.

மாஸ்டருக்கு மனசு ஒப்பவில்லை. "நாலு பேருக்குச் சொதி எவனும் வைப்பான். அண்டாவுல வச்சு, கடைசிப் பந்தி வரைக்கும் திரியாம நிக்கணும். ஜட்ஜக் கடைசிப் பந்தில உக்காரச் சொல்லு."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானில் 1993-இல் வந்த 'அயர்ன் செஃப்' முதல் பெரும்பாலான போட்டிகளில் கடிகாரம்தான் எதிரி; நிதானத்துக்கு அங்கே மார்க் குறைவு. எங்கள் தொழிலில் நூறாவது இலைக்கும் முதல் இலைக்கும் ருசி மாறக் கூடாது என்பதுதான் பெரிய சோதனை. அந்த விதத்தில் எனக்கு ஒத்துப்போவது பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய 'கிரேட் பிரிட்டிஷ் மெனு'. அங்கேயும் தொழில்முறை செஃப்கள்தான்; தங்கள் தங்கள் வட்டாரத்தின் சார்பில் வந்து மோதுகிறார்கள். ஜெயித்தவர்கள் ஒரு நிஜ விருந்துக்குச் சமைத்துப் போட வேண்டும். முதல் வருஷம் அது ராணி எலிசபெத்தின் 80-ஆவது பிறந்தநாள் விருந்து.

மாஸ்டரிடம் இதையும் விளக்கிச் சொன்னேன். ராணியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தனை இலை?" என்றார்.