ஹொக்கே

பர்மியர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லும் சொல் 'ஹொக்கே'. நம் 'சரிங்க' மாதிரி. கூப்பிட்டால் ஹொக்கே, வேலை சொன்னால் ஹொக்கே, திட்டினாலும் ஹொக்கே. தையல் ஆலையில் ஒரு மெஷின் வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடராக நான் இருந்த முதல் இரண்டு வருடமும் அதைப் 'புரிந்துவிட்டது' என்றே எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நான் ரங்கூனில் பிறந்து, பர்மிய மொழியிலேயே பள்ளிக்கூடம் படித்தவள்.

என் தங்கச்சி மகள் போன மாதம் ஒரு போன் கடையில் டீம் லீடர் ஆகியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "பெரியம்மா, கீழ இருக்கிறவங்க நம்ம பேச்சைக் கேக்கணும்னா எப்படிப் பேசணும்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு ஊசிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது லைங்தாயா தொழிற்பேட்டையில் ஒரு தையல் ஆலையில். வீடு தாம்வேயில். விடியற்காலையிலேயே பெரி ஏறிவிட வேண்டும் (ஆலை பஸ்ஸை இங்கே எல்லாரும் 'பெரி' என்றுதான் சொல்வோம்). பாயின்னாங் பாலம் தாண்டும்வரை பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். 2012-இல் ஹெல்பராகச் சேர்ந்தேன், நூல் பிசிறு வெட்டுகிற வேலை. அப்புறம் ஓவர்லாக் மெஷின். 2016-இல் லைன் லீடர். இப்போது நான்கு லைன் பார்க்கிற சூப்பர்வைசர்.

லீடர் ஆனபோது என் லைனில் முப்பது பேர். பாதிக்கு மேல் ஐராவதி டெல்டா பக்கத்துப் பிள்ளைகள். போகலே, லபுட்டா, பியாபோன். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் வீடு வாசல் எல்லாம் போய், லைங்தாயாவில் வந்து மூங்கில் குடிசை போட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் உண்டு.

லீடர் ஆனதும் நான் செய்த முதல் காரியம் குரலை மாற்றியது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் கத்துவார். மேனேஜர் கொரியாக்காரர், அவரும் 'பல்லி பல்லி' என்று கத்துவார். அவர்கள் மொழியில் 'சீக்கிரம் சீக்கிரம்'. கத்துகிறவருக்குத்தான் லைன் ஓடும் என்று நானும் நம்பினேன். பர்மிய மொழியில் ஒரு வேலையை ஏவும்போது கடைசியில் 'பா' சேர்ப்பது மரியாதை. 'லொட்பா' என்றால் 'செய்யம்மா' என்கிற மாதிரி. 'லொட்' என்றால் வெறும் 'செய்'. நான் அந்தப் 'பா'வை விட்டுவிட்டேன். 'மியன்மியன் லொட்!' என்று நாள் முழுக்கக் கத்தினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் பேசக்கூடத் தொண்டை இருக்காது.

2018 மே மாதம் அரசாங்கம் குறைந்தபட்ச நாள் கூலியை 3,600 சாட்டிலிருந்து 4,800 சாட்டாக உயர்த்தியது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் கூலி ஏறிய கையோடு எங்கள் லைன் முன்னால் தொங்கும் போர்டில் மணிக்கு மணி எழுதுகிற டார்கெட்டும் ஏறியது. ஊசி விஷயம் அந்த வருடம் மழைக்காலத்தில் நடந்தது.

தையல் ஆலையில் ஊசி உடைந்தால் என்ன செய்வார்கள் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. உடனே மெஷினை நிறுத்த வேண்டும். கையை உயர்த்த வேண்டும். உடைந்த துண்டு எத்தனையோ அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். தரையில், துணி மடிப்பில், மெஷின் பல்லுக்குள். காந்தம் வைத்துத் துழாவுவோம். கிடைத்த துண்டுகளை ஒரு நோட்டில் ஒன்றோடு ஒன்று சேர்த்து, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்த்து, செலோ டேப் போட்டு ஒட்டி, தேதி, மணி, மெஷின் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்துத் துணி மொத்தத்தையும் தனியாக எடுத்து வைத்துச் சோதிப்பார்கள். சில நேரம் பத்து நிமிடத்தில் முடியும், சில நேரம் ஒரு மணி நேரம் போய்விடும். குழந்தை போடப்போகிற சட்டைக்குள் ஊசி முனை இருந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. எனக்கு அந்த விதி மேல் அன்றும் இன்றும் பெரிய மதிப்பு.

அன்றைக்குத் தைத்தது குழந்தைகள் ஜாக்கெட். பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொன்றும் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வரும். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒன்று கத்தியது. காலர் மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஊசி முனை, உடைந்த அரிசிக் குருணை அளவு. துணிக் கட்டோடு வரும் சீட்டை வைத்து யார் தைத்தது என்று பார்த்தோம். பத்தொன்பது வயதுப் பெண். லபுட்டாக்காரி. காலை பத்து மணிக்கு ஊசி உடைந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், ஓடாமல் கிடந்த பக்கத்து மெஷினின் ஊசியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தைத்திருக்கிறாள்.

முப்பது பேர் முன்னால் அவளைக் கத்தினேன். "தினமும் காலையில் சொல்கிறேனே, நாலேலா என்று கேட்கிறேனே, ஹொக்கே என்றாயே!" 'நாலேலா' என்றால் 'புரிகிறதா'. அவள் தலையைக் குனிந்தபடி அதற்கும் 'ஹொக்கே' என்றாள்.

அன்று ராத்திரி எல்லாரும் இருந்து அத்தனை ஜாக்கெட்டையும் திரும்பச் சோதித்தோம். பெரிக்குக் காத்திருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றேன். கத்துவதற்குத் தெம்பு இல்லை. ஏன் சொல்லவில்லை என்று சாதாரணமாகக் கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "காலையிலிருந்து அமா டார்கெட்டுக்காக ஓடிக்கொண்டே இருந்தீர்கள். லைனை நிறுத்தச் சொல்ல ஆனாடே."

அமா என்றால் அக்கா. 'ஆனாடே'யைத்தான் எப்படிச் சொல்வது? 'ஆ' என்றால் பலம், 'நா' என்றால் வலி. அடுத்தவரைச் சிரமப்படுத்திவிடுவோமோ என்று மனசு கூசுவது. நம் 'தாட்சண்யம்' கிட்டத்தட்ட அருகில் வரும். இந்த ஊரில் பாதி விஷயம் வாய்க்கு வராமல் போவது இதனால்தான். அந்தப் பெண் என்னிடம் பயந்து ஒளித்தாள் என்று நினைத்திருந்தேன். பயமும் இருந்திருக்கும். ஆனால் அவள் என்மேல் இரக்கப்பட்டு ஒளித்திருக்கிறாள். நான் மூச்சு வாங்க ஓடி ஓடிக் கத்தியதைப் பார்த்து, இவளுக்கு இன்னொரு பாரம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் வேலை தொடங்கும் முன் லைனில் எல்லாரையும் நிற்கவைத்து, நேற்று நான் கத்தியது தப்பு என்றேன். ஊசி உடைந்ததைச் சொல்ல முடியாதபடி லைனை வைத்திருந்தது என் குறை என்றேன். அதைச் சொல்லும்போது 'பா' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எவரும் எதுவும் பேசவில்லை. ஹொக்கேகூட வரவில்லை.

அன்றிலிருந்து 'நாலேலா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு மரியாதை தெரிந்த பிள்ளை 'ஆமாம்' என்றுதான் சொல்லும். 'புரியவில்லை' என்றால் சொல்லிக்கொடுத்தவரை அவமானப்படுத்திய மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக, "இதை நீ எப்படித் தைப்பாய், எனக்குக் காட்டு" என்பேன். கை பொய் சொல்லாது. ஊசி உடைந்து கை உயர்த்தியவரிடம் முதலில் 'நல்லவேளை சொன்னாய்' என்பேன், அப்புறம்தான் தேடுவது. இரண்டு மாதத்தில் நோட்டில் ஒட்டிய ஊசிகள் கூடிவிட்டன. ஊசி அதிகமாக உடைகிறதே என்று ஆபீஸில் கேட்டார்கள். உடைவது எப்போதும் இவ்வளவுதான், இப்போது நோட்டுக்கு வருகிறது என்றேன்.

கத்துவதை விட்டதும் என்ன குரலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடமிருந்துதான் அது கிடைத்தது. அம்மா இருபது வருடம் தெரு முனையில் தோசைக் கடை போட்டிருந்தவர். பர்மியர்களுக்குத் தோசை என்றால் உயிர், 'தோஷே' என்பார்கள். காலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். அம்மா கையும் கல்லுமாக இருப்பார். ஆனால் எவரிடமும் 'இதோ ஆச்சு' என்று சொல்ல மாட்டார். "உங்களுக்கு முன்னால் ஆறு தோசை இருக்கிறது. பத்து நிமிஷம் ஆகும். அவசரமென்றால் நாளைக்கு வாங்க" என்று நிதானமாகச் சொல்வார். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடத்தில் தட்டு கைக்கு வந்துவிடும். எவரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. சின்ன வயதில் பக்கத்தில் நின்று சட்னி ஊற்றிய எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரிந்ததில்லை.

மேலே இருப்பவரிடம் பேச எனக்கு உதவியதும் அந்தப் பேச்சுதான். அடுத்த வருடம் ஒரு புது மாடல் வந்தது, பெண்கள் ஜாக்கெட், ஜிப் வைத்த இரண்டு பாக்கெட். போர்டில் மணிக்கு 80 என்று எழுதினார்கள். வராது என்று கை சொன்னது. ஆனால் 'வராது' என்று மட்டும் போய்ச் சொன்னால் சோம்பேறித்தனம் என்பார்கள். அதனால் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, காலரிலிருந்து கடைசிப் பொத்தான் வரை ஒவ்வொரு வேலையாக நேரம் எடுத்தேன். கூட்டினால் ஒரு ஜாக்கெட்டுக்கு 24 நிமிடம். முப்பது பேர் ஒரு மணி நேரம் உழைத்தால் 1,800 நிமிடம். 24-ஆல் வகுத்தால் 75. நூல் மாற்றாமல், கட்டுக்குக் காத்திருக்காமல், தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல் 75. எந்த லைனும் அப்படி ஓடாது. கை பழகிய பிறகு நூற்றுக்கு எண்பது ஓடினால் மிக நல்ல லைன். அப்படிப் பார்த்தால் 60.

ஆபீஸில் மேனேஜர், பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். நான் சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னேன், அவள் கொரிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் புன்னகைத்துத் தலையாட்டினார். அப்போதே புரிந்துவிட்டது, அவளுக்கும் ஆனாடே. நான் சொன்ன 'முடியாது' அங்கே போய்ச் சேரவில்லை. மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்து 30 × 60 = 1,800 என்று எழுதினேன். அதன் கீழே 1,800 ÷ 24 = 75. அதன் கீழே 80 என்று எழுதி வட்டம் போட்டு அவர் பக்கம் தள்ளினேன். அவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். தலையாட்டல் நின்றுவிட்டது.

"முதல் வாரம் 50. மூன்றாவது வாரம் 60" என்றேன். 55 என்று எழுதினார். தொண்டை வறண்டது. அம்மா பத்து நிமிடத்தை எட்டு என்று குறைத்துச் சொன்னதே இல்லை. நான் மறுபடியும் 50 என்று எழுதினேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துவிட்டு, எழுந்து வந்து போர்டில் இருந்ததை அவரே அழித்து 50 எழுதினார். மூன்றாவது வாரம் 58 வந்தது. 60 என்று சொல்லியிருந்தேன். 58 என்றே போய்ச் சொன்னேன். அதற்கப்புறம் புது மாடல் வந்தால் போர்டில் எழுதும் முன் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இங்கே தமிழர்கள் நிறையப் பேருக்கு இரண்டு பெயர். அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். ஆலையில் என் தமிழ்ப் பெயர் எவருக்கும் தெரியாது. கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க லீவு வேண்டுமென்றால் காய்ச்சல் என்று சொல்வேன். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு ஆறு நாள் சம்பளத்தோடு காஷுவல் லீவு உண்டு, பொய்யே தேவையில்லை. ஆனாலும் சொன்னேன். ஊசி விஷயத்துக்குப் பிறகு அது வாயில் வரவில்லை. லைனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டே போனேன். மறுநாள் தனகாவுக்கு (இங்கே பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) மேல் திருநீறோடு வந்தேன். பெண்கள் பெயரைக் கேட்டு, மூன்று நான்கு தடவை சொல்லிப் பார்த்து, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் எதிர்பார்க்காதது அப்புறம் நடந்தது. 'வயிற்று வலி' என்று வந்துகொண்டிருந்த லீவெல்லாம், "ஊரில் நாற்று நடவு, அப்பாவுக்கு ஆள் இல்லை, அடுத்த வாரம் மூன்று நாள்" என்று வர ஆரம்பித்தது. ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் மாற்று ஆளைப் பழக்கிவிடலாம்.

கொரோனா, அதற்கப்புறம் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, இரண்டும் சேர்ந்து ஆறு லைன் மூன்றாகி, இப்போது நான்கு. பலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் தாய்லாந்துக்கு. அந்த லபுட்டாப் பெண் மட்டும் இன்னும் இருக்கிறாள். இரண்டாவது லைனுக்கு அவள்தான் லீடர். போன வாரம் மத்தியானம் சோற்று கேரியரைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு காகிதத்தோடு வந்தாள். "இந்த டார்கெட் வராது, அமா." ஒவ்வொரு வேலைக்கும் நேரம் எடுத்து எழுதியிருந்தாள். கூட்டிப் பார்த்தேன். பொத்தான் வைக்கிற வேலையை இரண்டு தடவை சேர்த்திருந்தாள். சொன்னதும், "நா மலேபூ, திரும்பச் சொல்லுங்கள்" என்றாள். 'நா மலேபூ' என்றால் 'புரியவில்லை'. இரண்டு பேரும் உட்கார்ந்து திருத்தினோம். திருத்திய பிறகும் வராதுதான்.

சேர்ந்தே மேலே போனோம். மொழிபெயர்க்கும் பெண் வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றவளைக் காட்டினேன். அவள் காகிதத்தை மேஜையில் விரித்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.