அரை டம்ளர்

ஜூன் 4
இரண்டு விள்ளல் இட்லி. மதியம் ரசம் சாதம், நாலு கவளம். தண்ணீர் ஒன்றரை டம்ளர். எழுதி வைக்காவிட்டால் அம்மா "நிறையக் குடித்தேனே" என்கிறாள், நானும் நம்பிவிடுகிறேன்.

ஜூன் 5
அரை டம்ளர்.

ஜூன் 7
எல்லாம் கசக்கிறதாம், நார்த்தங்காய்கூட. கடை ரசப்பொடியை வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவள். இன்று பல்செட்டைக் கழற்றிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டிக்கொண்டதுபோல வெள்ளைத் திட்டுகள். ஈரத்துணியால் ஒற்றினேன், அடியில் செக்கச்செவேல் என்றிருந்தது. ஆன்டிபயாடிக் தொடர்ந்து போட்டால் வாயில் பூஞ்சை வருவதுண்டு என்றார் டாக்டர். ஆள் இளைத்ததில் பல்செட்டும் ஈறில் நிற்காமல் ஆடி உரசுகிறது. அடம் பிடிக்கிறாள் என்று நேற்று அதட்டினேன். இந்த வாயோடு நாலு கவளம் எப்படித்தான் விழுங்கினாளோ.

ஜூன் 8
வாயில் மருந்து தடவியாயிற்று. அக்கா போனில் "இளநீர் கொடு" என்கிறாள். கொடுக்காமலா இருக்கிறேன்!

ஜூன் 11
நேற்று இரவு என்னைப் பெரிய மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மாமா போய் ஒன்பது வருடம். சிறுநீர் கட்டன் சாயா நிறம். விடிய விடிய ஆஸ்பத்திரி. சலைன் ஏறி, வெளிச்சம் வந்தபிறகு கண் திறந்து, "நீ சாப்பிட்டாயா ராசா?" என்றாள். வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வயதானால் தாகமே சரியாகத் தெரியாதாம். உடம்பில் நீர் வற்றும்போது புத்தி தடுமாறுமாம். அப்படியானால் "தாகமில்லை" என்று அவள் சொன்னது பொய்யில்லை.

ஜூன் 12
பக்கத்து வீட்டு அத்தையிடம் அவள் பேசியது சமையலறை வரை கேட்டது. "குடித்தால் ராத்திரி நாலு தடவை அவனை எழுப்ப வேண்டும். ஆண்பிள்ளை. எத்தனை தடவை என் புடவையைத் தூக்கிப் பிடிப்பான்?"

கையில் அவளுக்கு ஆற்றிய வெந்நீர். எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. மாலையானால் அரை டம்ளரில் நிறுத்திவிடுவாளே, தினமும் நானே என் கையால் எழுதியிருக்கிறேனே.

ஜூன் 13
இரவுக்கு ஓர் அம்மாளை அமர்த்தியாயிற்று. அம்மாவிடம் சொன்னேன். "எதற்கு வீண் செலவு" என்றாள். பிறகு அவளே மோர் கேட்டாள்.

ஜூன் 14
மதியத்துக்குள் மூன்று டம்ளர். எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன அம்மாள் இன்னும் வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.